‘ஒன்று போதும்’ என்ற விதி

கை நசுங்கி ரத்தம் கொட்டிக்கொண்டு நின்ற மனிதரை என் அண்ணன் கன்னத்தில் அறைந்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன்னால், முப்பது பேர் பார்க்க அறைந்தான்.

அறை வாங்கியவருக்குப் பட்டறையில் ‘நிதானம்’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக அந்த பிரஸ்ஸில், மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் இரும்புத் தகட்டை வைத்து அடிக்கிறவர். செருப்பைக் கழற்றுவதைக்கூட ஒவ்வொன்றாக யோசித்துக் கழற்றுவார் என்று அண்ணனே சொல்லிச் சிரித்திருக்கிறான். அவருடைய இடது கை மணிக்கட்டுக்குக் கீழே அச்சுக்குள் இருந்தது. அண்ணன்தான் பிரஸ்ஸை மேலே தூக்கி, தன் பெல்ட்டைக் கழற்றி, அவர் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினான். கட்டி முடித்த அதே கையால் அறைந்தான்.

“பலகை போட்டியாடா? சொல்லுடா, பலகை போட்டியா?”

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம். அண்ணனுக்குப் பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். நானும் அதே அச்சில் வார்த்தவள்தான், பின்னால் பார்ப்பீர்கள்.

பலகை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் கைப்பிடி அகலத்தில் இரண்டு பச்சை பட்டன்கள், இரண்டு முழ இடைவெளியில் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் உள்ளே மாட்ட மூன்றாவது கை ஏது? அவ்வளவுதான் தத்துவம். ஆனால் அவசரக்காரர்கள் இரண்டு பட்டன் மேலும் ஒரு பலகையைப் போட்டு முழங்காலால் அமுக்குவார்கள். கை இரண்டும் தகட்டை மாற்ற விடுபட்டுவிடும், வேலை வேகமாக ஓடும், ஒருநாள் கை போகும். ஃபோர்மேன் ஆன நாளிலிருந்து அண்ணன் கண்ணில் பட்ட பலகையை எல்லாம் முழங்காலில் வைத்து உடைத்தவன்.

புது ஆள் யாராவது சேர்ந்தால் அவனுக்கு ஒரு சடங்கு வைத்திருந்தான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, இடது கையை முழங்கை வரை அச்சுக்குள் நீட்டுவான். வலது கையால் ஒரு பட்டனை மட்டும் ஓங்கிக் குத்துவான். பிரஸ் அசையாது. புது ஆளுக்கு மூச்சே நின்றுவிடும். “பாத்தியா? ரெண்டு அமுக்காம இது வராது. உன்னை உன்கிட்டேருந்து காப்பாத்தத்தான் ரெண்டு பட்டன்” என்பான். எங்கள் நிறுவனத்துக்கு அந்த பிரஸ்களுக்குக் கணினி நிரல் எழுதும் வேலை கிடைத்ததிலிருந்து கூடவே இன்னொன்றும் சொல்வான்: “இதோட மூளைய எழுதப்போறது என் தங்கச்சி. பயப்படாத.”

தங்கச்சி நான்தான்.

நான் எழுதுவது நிரல்கூட இல்லை. நிரலை எழுதும் விதிகளை எழுதுகிறேன். இயந்திரத்தை முதலில் படமாக வரைவோம். பட்டன் ஒரு வட்டம், விளக்கு ஒரு வட்டம், மோட்டார் ஒரு வட்டம், எது எதற்குச் சொல்லி அனுப்புகிறது என்பதற்குக் கோடுகள். நானூறு வட்டம், ஆயிரம் கோடு என்று அது சிக்கலெடுக்காத தலைமுடி போலக் கிடக்கும். ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பக்கம் உண்டு. இடப்பக்கம் ஒரு சின்ன வடிவம், வலப்பக்கம் இன்னொன்று. இடப்பக்கத்து வடிவத்தைப் பெரிய படத்தில் தேடு, கிடைத்த இடத்தில் எல்லாம் அதை எடுத்துவிட்டு வலப்பக்கத்தை வை. இப்படி விதி மேல் விதி ஓடிப் படம் மாறிக்கொண்டே வந்து, கடைசியில் அதிலிருந்து நிரல் தானாக விழும். அந்த நிரலைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணன் பட்டறையின் ஏழு பிரஸ்களிலும் ஏற்றிவிட்டு வந்தோம். செவ்வாய்க்கிழமை நிதானத்தின் கை போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. என் வேலையில் தப்பு வராது என்று அண்ணனைவிட நான் அதிகமாக நம்பியிருந்தேன்.

அன்று மாலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். தலையில் கட்டு. கட்டுக்கு மேல் ரத்தம் ஊறி வட்டமாகக் காய்ந்திருந்தது.

“யாருண்ணே அடிச்சது?”

“நிதானத்தோட தம்பி. கேட் வாசல்ல நின்னான். ஹெல்மெட்டக் கழட்டுறான், ஏதோ பேசத்தான் வர்றான்னு பாத்தா அதாலயே மண்டையில போட்டான். ஆறு தையல்.” நாற்காலியில் உட்கார்ந்தான். “நானும் சும்மா விடல. அவன் மூஞ்சி இப்போ எந்தப் பக்கம்னு அவங்க அம்மாவுக்கே தெரியாது. போலீஸ் வந்து அவனை அள்ளிட்டுப் போயிருச்சு.”

“அவன் மட்டும்தான் உள்ளேயா?”

“முதலாளி எனக்காகப் போலீஸ்ல பேசிட்டாரு.”

தண்ணீர் கொடுத்தேன். பெல்ட் இல்லாமல் கால்சட்டை இடுப்பில் இறங்கியிருந்தது. நிதானத்தோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் இவன்.

“பலகை கிடைச்சுதா?” என்று கேட்டேன்.

“எங்க கிடைக்கும்? கூட நின்னவனுங்க ஒளிச்சிருப்பானுங்க. ஆஸ்பத்திரியில நிதானம் என்கிட்டயே சத்தியம் பண்றான். தகட்ட நேராக்க கைய விட்டானாம், வலது முழங்கை பட்டன்ல இடிச்சுச்சாம், அது இறங்கிருச்சாம். பத்தொன்பது வருஷமா முழங்கை இடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, என்னிக்குமே இறங்கலையே, இன்னிக்கி ஏன் இறங்குச்சுன்னு என்னயே கேக்குறான்.”

சொல்லிவிட்டுக் கசப்பாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயில் நானே குத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு ஃபேக்டரி ஆய்வாளர் வர்றாரு” என்றான். “மூணாம் நம்பருக்கு சீல் வெச்சாச்சு. நாலாம் நம்பர்ல நான் செஞ்சு காட்டுறேன். கைய உள்ள விட்டு ஒத்த பட்டன அமுக்குறேன். வராதுல்ல? அப்போ எவன் பொய் சொல்றான்னு அவரே எழுதிக்கட்டும்.” காலி டம்ளரைக் கீழே வைத்தான். “நிதானமே பலகை போட்டான்னா நான் யார நம்புறது பாப்பா?”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் வேறொரு வாடிக்கையாளரின் படத்தைத் திரையில் வைத்து விதிகளை ஓடவிட்டிருந்தேன். குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் படம். வரைந்தவர்கள் ஒரே எச்சரிக்கை விளக்கை அசிரத்தையாக இரண்டு முறை வரைந்திருந்தார்கள். என் விதி ஒன்று அதைப் பிடித்தது. ஒரே வகை, ஒரே குணம், ஒரே இடத்துக்குக் கோடு. அப்படி இரண்டு வட்டம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொள், மற்றதை எடுத்துவிடு. அந்த விதிக்கு ‘ஒன்று போதும்’ என்று நான்தான் பெயர் வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விளக்கும் ஒன்றாயின.

பிரஸ் ஞாபகம் வந்தது.

இரண்டு பச்சை பட்டன். ஒரே வகை, ஒரே குணம், இரண்டிலிருந்தும் கோடு ஒரே இடத்துக்கு.

பிரஸ்ஸின் படத்தைத் திறந்தேன். விதிகள் ஓடுவதற்கு முந்தைய படத்தில் இரண்டு பட்டன் இருந்தன. ஓடிய பிறகு ஒன்றுதான் இருந்தது, வலது பட்டன். இடது பட்டனின் வட்டத்தை என் விதி எடுத்துவிட்டிருந்தது. அதோடு தொங்கிய கோடும் சத்தமில்லாமல் போயிருந்தது. ஒரு வட்டத்தை எடுக்கும்போது கோடு அந்தரத்தில் தொங்கினால் ‘நில், ஆளைக் கேள்’ என்று வைக்க ஒரு வழி உண்டு. அப்படி வைத்தால் அது மணிக்கு நாற்பது தடவை நின்று கேட்கும். எனக்கு எரிச்சலாக இருந்தது. ‘கேட்காதே, கோட்டையும் சேர்த்து வெட்டு’ என்று வைத்தேன். கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது, கேட்பது இயந்திரமானாலும்.

கேட்டவர்களும் உண்டு. எதிர்மேசையில் சோதனை பார்க்கிற பெண் போன மாதமே கேட்டாள்: “அக்கா, வேணும்னே ஒரே மாதிரி ரெண்டு வெச்சிருந்தா?” நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வேணும்னே எவன் ரெண்டு வைப்பான்?” என்றேன். அறை முழுக்கச் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். என் அண்ணன் கையை உள்ளே விட்டு விட்டு எதைக் காட்டிக்கொண்டிருந்தான் என்பது அந்த நேரத்தில் என் நினைவின் பக்கமே வரவில்லை.

சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்று கேட்பீர்கள். சோதனைகளையும் படத்திலிருந்துதான் தானாக எடுக்கிறோம், அதுவும் விதிகள் ஓடி முடித்த படத்திலிருந்து. படத்தில் ஒரு பட்டன்தான் இருந்தது. சோதனையும் ‘பட்டனை அமுக்கு, இறங்குகிறதா?’ என்று மட்டும் கேட்டது. இறங்கியது. வேலிக்கு ஓணான் சாட்சி. பட்டறையிலோ எல்லோரும் இரண்டு கையாலும் அமுக்கிப் பழகியவர்கள். ஒன்றை அமுக்கினாலே இறங்கும் என்று யாருக்கும் தெரிய வழியில்லை, முழங்கை இடிக்கும் வரை.

மணி பத்து இருபது. அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. பட்டறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அவன்தான். கேட்டுக்கு அடித்தேன். “ஆய்வாளர் வர்ற நேரம்மா, யாரையும் கூப்பிட முடியாது” என்று காவலாளி வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

மேலாளரின் அறைக்கு ஓடினேன். கண்ணாடி அறை. மடிக்கணினியை அவர் மேசையில் வைத்து, மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார், மந்தமான ஆள் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இத வேற யார்கிட்ட சொன்ன?”

“சார், அவங்க முதலாளிக்குப் போன் போடுங்க. ஆறு பிரஸ் இப்போ ஓடிக்கிட்டு இருக்கு.”

“போடலாம். வக்கீல் வரட்டும், என்ன வார்த்தை சொல்லணும்னு—”

“எங்க அண்ணன் பதினோரு மணிக்குக் கைய உள்ள விடப்போறான் சார்!”

“முதல்ல உக்காரு. நீ எழுதின விதிம்மா இது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” மடிக்கணினியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் கதவுக்குப் போனேன். குறுக்கே வந்து நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பெரிய பலம் இல்லை, ஆனால் விடவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று என் ஆத்திரத்துக்குப் புத்தி நன்றாகவே வேலை செய்தது. அவர் மேசையில் இருந்த விசைப்பலகையை மற்றக் கையால் உருவி, அகல வாக்கில் அவர் முகத்தில் அடித்தேன். எழுத்துக் கட்டைகள் நாலைந்து தெறித்துக் கண்ணாடியில் பட்டு விழுந்தன. அவர் விடவில்லை. மறுபடி, ஓரத்தால் அடித்தேன். மூக்கில் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. மணிக்கட்டு விடுபட்டது. வெளியே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எதிர்மேசைப் பெண் மட்டும் தன் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் எறிந்தாள்.

பட்டறை பதினெட்டு நிமிட தூரம். எத்தனை சிவப்பு விளக்கைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. கேட்டில் குறுக்குக் கம்பி இறங்கியிருந்தது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுக் குனிந்து உள்ளே ஓடினேன். காவலாளி என் தோள்பையைப் பிடித்து இழுத்தார். பையை அவரிடமே விட்டுவிட்டேன்.

உள்ளே ஆறு பிரஸ் சத்தம். தரை அதிர்ந்தது. நாலாம் நம்பரைச் சுற்றி ஆட்கள் அரைவட்டமாக நின்றார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையில் ஆய்வாளர், கையில் எழுதும் அட்டை. தலைக்கட்டோடு அண்ணன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தான். இடது கை முழங்கை வரை அச்சுக்குள் இருந்தது. காதில் அடைப்பான். ஆய்வாளரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வலது கையை ஓங்கினான்.

“அண்ணே!” என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

சிவப்பு நிறுத்தக் குமிழ் பிரஸ்ஸின் அந்தப் பக்கம் இருந்தது, சுற்றிப் போக ஏழெட்டுக் காலடி. எனக்கு மூன்று காலடிக்குத்தான் நேரம் இருந்தது. அச்சை நெம்புகிற இரும்புக் கம்பி தூணில் சாய்த்துவைத்திருந்தது. எடுத்தேன். என் கூடப்பிறந்தவனின் இடது தோளில் என் முழு பலத்தோடு இறக்கினேன்.

எலும்பு உடைவது கையில் தெரியும். கம்பி வழியாக ஏறி வரும். அண்ணன் பின்னால் சுருண்டான், இடது கை அவனோடு வெளியே வந்தது. ஆனால் வலது கை முன்பே இறங்கியிருந்தது. பச்சை பட்டனில் குத்து விழுந்தது.

பிரஸ் இறங்கியது. அறுபது டன். சுருட்டிய சட்டைக் கை அவிழ்ந்து ஒரு முனை உள்ளே மாட்டியிருந்தது. சட்டையைத் தோள்பட்டை வரை கிழித்துக்கொண்டு போனது. அண்ணன் தரையில் விழுந்தான். இரண்டு பேர் என்மேல் பாய்ந்து கம்பியைப் பிடுங்கினார்கள். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் அழுத்தினான். அங்கிருந்து பார்த்தேன். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு பிரஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் நீலத் துணி துருத்திக்கொண்டிருந்தது.

யாரோ ஒவ்வொரு பிரஸ்ஸாக நிறுத்தினார்கள். கடைசிப் பிரஸ்ஸும் நின்றபோது அண்ணன் பேசினான்.

“அவன் பலகை போடல.”

ஆய்வாளர் குனிந்து அச்சுக்குள் பார்த்தார்.

“விடுடா அவள” என்றான். என்னைப் பிடித்திருந்தவன் விட்டான். அண்ணன் முழங்காலில் நகர்ந்து என் பக்கம் வந்தான். “ஒத்த பட்டனுக்கு எப்படி இறங்குச்சு பாப்பா?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். மேலாளரைக் கைகாட்டியிருக்கலாம், படம் வரைந்தவர்களைச் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

“நான்தாண்ணே. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஒண்ண எடுத்துருன்னு விதி எழுதினேன். அது பட்டன எடுத்துருச்சு. கேட்டாங்க, நான் காதுல வாங்கல.”

அண்ணன் வலது கையால் என்னை அறைந்தான். உதடு பல்லில் கிழிந்து வாயில் உப்புக் கரித்தது.

“நேத்து அவனுக்கு விட்டேன்ல, அது உனக்கு வரவேண்டியது” என்றான். பிறகு அழுதான். அவன் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. “போ. போய் அவன்கிட்ட சொல்லு. ஆய்வாளர்கிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல அவன்கிட்ட சொல்லு.”

ஆஸ்பத்திரியில் நிதானம் சுவரோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை இருந்த இடத்தில் பெரிய வெள்ளைக் கட்டு. அவர் மனைவி என் உதட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் யார் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விதியை, அதன் பெயரை, தொங்கிய கோட்டை, அந்தப் பெண் கேட்ட கேள்வியை, நேற்று மாலை நான் சிரித்ததை. அவர் தம்பியை இன்று வெளியே எடுத்துவிடுவோம் என்றேன்.

மனைவி எழுந்து வந்து என் கழுத்தைப் பிடித்தார். நான் கையைத் தூக்கவில்லை. அவர் பிடி இறுகியது. கண் இருட்டத் தொடங்கியபோது நிதானம் “விடு” என்றார். அவர் எப்போதும் பேசுகிற அதே மெதுவான குரல். மனைவி விட்டார்.

நிதானம் யோசித்துக்கொண்டிருந்தார். படத்தைத் தன் மனதில் வரைந்து பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. கட்டுப்போட்ட கையையும் மற்றக் கையையும் போர்வையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஒரே மாதிரி இருக்கணும், ஒரே எடத்துக்குப் போகணும். அப்படித்தானம்மா?”

“ஆமா.”

“இது ரெண்டும் அப்படித்தாம்மா இருந்துச்சு” என்றார். “அதுல ஒண்ண எடுத்துருச்சு. உன் விதி தப்பா ஓடல.”